பயன் கேளாக் கல்வி

இக்காலத்திற் கல்லூரியிற் பயிலும் மாணாக்கர் ஒருவரைக் கண்டவுடன் உற்றாரும் ஊராரும் முதற்கண் வினவுவது, "இப்படிப்பினால் யாது பயன்?" என்பதேயாம். மருத்துவமோ பொறியியலோ பயில்வார் இவ்வினாவிற்கு எளிதில் விடையிறுத்துச் செல்வர். எம்மைப் போலத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வார் நிலை அத்தகையதன்று. "தொல்காப்பியம் உனக்குச் சோறிடுமோ?" என்று கேட்பார்க்கு யாம் புன்முறுவல் ஒன்றையே விடையாகத் தந்து அகல்வது வழக்கமாயிற்று. இவ்வினா தமிழ் மாணாக்கரை நோக்கி மட்டும் எழுவதன்று. விலங்கியல் பயிலும் நண்பர், பழ ஈக்களைப் புட்டியில் அடைத்து அவற்றின் கண்ணிறத்தைப் பார்த்துக் கணக்கெழுதுவதைக் காணும் அவர்தம் தந்தையார்க்கும் இவ்வையமே நிகழ்கின்றது. ஈயின் கண்ணை ஆராய்ந்து ஆவதென்ன? கோழிமுட்டையை உடைத்து உள்ளிருக்கும் கருவை நோக்கி ஆவதென்ன? பணத்தையும் காலத்தையும் இவற்றிற் செலவிடுவது அறிவுடைமையாகுமோ என்பது அவர்தம் எண்ணம்.

கல்வியின் தொடக்கத்திலேயே அதன் பயனைக் கேட்டு நிற்பது அக்கல்விக்கும், நாம் விரும்பும் அப்பயனுக்கும் ஒருங்கே கேடு விளைப்பதாகும் என்பது எமது கருத்து. இதனை நிலைநாட்ட இலக்கியத்தினின்று சான்று காட்டின், தன் துறைக்கே வழக்காடுகின்றான் என்பர். ஆதலின் எம் துறைக்கு முற்றும் புறம்பானதும், பயனற்றதென்று எவரும் சொல்லத் துணியாததுமாகிய புற்றுநோய் மருத்துவத்தினின்றே சான்று காட்டுவாம். உடலின் உயிரணுக்களுக்கு 'வளர்க' என்னும் கட்டளை எவ்வாறு வந்து சேர்கின்றது, அக்கட்டளை பிறழ்ந்தவிடத்துப் புற்று எவ்வாறு தோன்றுகின்றது என்பவற்றை மாந்தர் அறிந்துகொண்ட வரலாறே அச்சான்றாகும்.

நம் உடல் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்களால் ஆயது. அவற்றுட் சில நாடோறும் மடியப் புதியன தோன்றுகின்றன. குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒரு முறை முற்றும் புதுப்பிக்கப்படுகின்றது. விரலிற் கத்தி பட்டுத் தோல் அறுந்தால், அறுந்த இடத்தின் இரு மருங்கிலும் உள்ள உயிரணுக்கள் பெருகி இடைவெளியை அடைக்கின்றன. அடைத்தபின் பெருக்கத்தை நிறுத்திக்கொள்கின்றன. இதனை நாம் நாடோறும் காண்பதால் வியவாது விடுகின்றோம். சிறிது எண்ணின், அவற்றைப் பெருகுக என ஏவியது யாது, போதும் எனத் தடுத்தது யாது என்னும் வினாக்கள் எழும். ஓரணு உயிராகிய நுண்ணுயிர் தனக்கு உணவு கிடைத்த அளவிற் பெருகலாம். பல அணுக்கள் கூடி வாழும் உடலிலோ, ஓர் அணு தன் விருப்பப்படி பெருகுதற்கு உரிமையுடையதன்று. பிற அணுக்கள் விடுக்கும் செய்தி வந்தாலன்றி அது பிளவுறலாகாது. அச்செய்தியைச் சுமந்து செல்லும் புரதங்களையே அறிஞர் வளர்ச்சிக் காரணிகள் என்பர்.

இக்காரணிகளை முதலிற் கண்டறிந்தவர் புற்றுநோய்க்கு மருந்து தேடிப் புறப்பட்டவர் அல்லர். இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் 1909-ஆம் ஆண்டிற் பிறந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி அம்மையார் 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1938-இல் முசோலினியின் அரசு யூதருக்கு எதிரான சட்டங்களை இயற்றியபோது, யூத குலத்தவராகிய அவர்க்குப் பல்கலைக்கழகத்திற் பணிசெய்யும் உரிமை இல்லையாயிற்று. அவர் தம் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக்கொண்டார். தையலூசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகளாகக் கொண்டு, கோழிமுட்டையின் கருவில் நரம்புகள் எவ்வாறு வளர்கின்றன என்பதை ஆராய்ந்து வந்தார். போரில் நகரின்மீது குண்டுகள் வீழ்ந்தமையால் நாட்டுப்புறத்திற்குக் குடிபெயர்ந்த பின்னரும், உழவரிடம் முட்டை வாங்கி அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். நாடே எரிந்துகொண்டிருந்த அந்நாளில் அவரை ஒருவர், "இம்முட்டையின் நரம்பை ஆராய்வதாற் பயன் யாது?" என்று கேட்டிருப்பின், அவ்வம்மையார் யாது விடை கூறியிருக்கக் கூடும்?

1947-இல் அவர் அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்கு விக்டர் ஹம்பர்கர் என்னும் பேராசிரியரால் அழைக்கப்பெற்றார். எலியின் கட்டித் துண்டொன்றைக் கோழிக்கருவில் வைத்தவிடத்து நரம்புகள் அதனை நோக்கி அளவிறந்து வளர்வது அங்கே ஆராயப்பட்டது. அக்கட்டியினின்று ஏதோ ஒரு பொருள் கசிந்து நரம்பை வளர்க்கின்றது என்று அம்மையார் துணிந்தார். அப்பொருளைப் பிரித்தெடுக்க வேதிநூல் வல்லார் ஒருவர் வேண்டப்பட்டார். 1953-இல் அப்பணிக்கு வந்தவரே ஸ்டான்லி கோகன்.

கோகன் நியூயார்க்கு நகரில் வாழ்ந்த தையற்காரர் ஒருவரின் மைந்தர். கட்டணம் வாங்காத புரூக்ளின் கல்லூரியிற் பயின்றமையாற் கல்வி பெற்றவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், மண்புழுவின் உடலில் நைட்ரஜன் எவ்வாறு கையாளப்படுகின்றது என்பது. அதன்பொருட்டுப் பல்கலைக்கழகப் புல்வெளியில் இரவுதோறும் உலாவி 5,000-க்கு மேற்பட்ட மண்புழுக்களைத் தாமே திரட்டினார் என்பது அவரே எழுதிவைத்த செய்தி. இரவில் விளக்கேந்திப் புழு பொறுக்கும் மகனைக் கண்டால் நம் ஊரார் யாது சொல்வர் என்பதைப் படிப்போரே உய்த்துணர்க.

நரம்பை வளர்க்கும் பொருளைத் தூய்மை செய்யும்போது, கலந்திருந்த வேண்டாப் பொருள்களைச் சிதைக்கும் நோக்கத்துடன் கோகன் சிறிது பாம்பு நஞ்சினைச் சேர்த்தார். நஞ்சிலேயே நரம்பை வளர்க்கும் ஆற்றல் கட்டியினும் மிகுதியாக இருக்கக் கண்டார். நஞ்சு ஊறுவது பாம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஒத்த உறுப்பில் ஆதலின், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியையும் சோதித்தார். அங்கும் அப்பொருள் நிரம்ப இருந்தது. இங்ஙனம் பெற்ற சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசிவழிச் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இயல்பாகப் பன்னிரண்டு முதற் பதினான்கு நாட்களிற் கண் திறக்கும் குஞ்சுகள் ஏழு நாட்களிலேயே கண் திறந்தன. பற்களும் முன்னரே முளைத்தன.

இதனைக் கண்டவர் பலரும், தாம் தேடும் நரம்புக்கும் எலியின் இமைக்கும் தொடர்பில்லை என்று அதனைப் புறக்கணித்திருப்பர். கோகனோ, இமையை விரைந்து திறக்கச் செய்த பொருள் பிறிதொன்று என உணர்ந்து அதனைத் தனியே நாடினார். 1959-இல் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1962-இல் அதனைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார். மேற்றோலின் உயிரணுக்களைப் பெருகச் செய்வதால் அது மேற்றோல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது. அஃது 53 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம் என்பது 1972-இல் தெளிவாயிற்று. அதுகாறும் அதனால் ஒரு நோயாளியும் நலம் பெற்றிலர்; ஒரு காசும் வருவாய் வந்திலது. எலிக்குஞ்சின் கண் முன்னரே திறப்பதால் எவர்க்கென்ன நன்மை என்று கேட்டு அவ்வாய்வகத்தை அடைத்திருப்பின், அடைத்தவரைக் குறைகூறுவாரும் இருந்திரார்.

அடுத்து, அக்காரணி உயிரணுவை எவ்வாறு ஏவுகின்றது என்னும் வினா எழுந்தது. உயிரணுவின் புறச்சவ்வில் ஊடுருவி நிற்கும் ஏற்பி என்னும் புரதத்தில் அது சென்று பொருந்துகின்றது. ஏற்பியின் ஒரு பாதி அணுவிற்கு வெளியேயும், மறு பாதி உள்ளேயும் உள்ளன. அரண்மனை வாயிலில் நின்று புறத்தே ஓலையை வாங்கி அகத்தே செய்தி சொல்லும் வாயிலோனைப் போன்றது அது. காரணி வெளிப்பாதியிற் பொருந்தியவுடன் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைகின்றன. இணைந்தவை தம் உட்பாதியிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலங்களின்மீது பாஸ்பேட்டுக் குறியை ஒன்றன்மேல் ஒன்று இடுகின்றன. டைரோசினில் இவ்வாறு குறியிடப்படும் என்பதை முதலிற் கண்டவர் கலிபோர்னியாவின் சால்க் நிலையத்தைச் சார்ந்த டோனி ஹண்டர். அவர் 1979-இல் ஆராய்ந்தது எலியைப் பற்றும் ஒரு வைரஸ். புதிதாகக் கரைசல் காய்ச்சாமற் பழையதையே பயன்படுத்தியமையால், அதன் புளிப்பு மிகுந்திருந்து, அதுவரை ஒன்றாகவே தோன்றிய இரு பொருள்கள் தனித்தனியே பிரிந்து தெரிந்தன. மறு ஆண்டிலேயே மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியும் டைரோசினிலேயே குறியிடுகின்றது என்பதைக் கோகனும் அவர்தம் துணைவரும் காட்டினர்.

குறியிடப்பட்ட ஏற்பியினின்று செய்தி அணுவின் கருவை அடையும் வழி, அஞ்சலோட்டத்தை ஒத்தது. கிரப்-2 என்னும் புரதம் அக்குறியைப் பற்றிக்கொள்ளும். அதனோடு சாஸ் என்பது வரும். சாஸ், ராஸ் என்னும் புரதத்தைத் தூண்டும். ராஸ் ராபையும், ராப் மெக்கையும், மெக் எர்க்கையும் முறையே எழுப்பும். எர்க் கருவினுட் புகுந்து, பெருக்கத்திற்கு வேண்டிய மரபணுக்களைத் தொழிற்படுத்தும். இவ்வழியில் ராஸ் என்பது தானே அணையும் விளக்குப் போன்றது. தூண்டப்பட்டவுடன் எரிந்து, சிறிது பொழுதிற் தானே அவியும். அவ்வாறு அவிவதே உடலுக்குக் காப்பு.

இவ்வழியில் ஏற்பிக்கும் ராசுக்கும் இடையே நிற்பது எது என்பதை அறிவித்தது ஈயின் கண்ணேயாம். பழ ஈயின் கண் பல நூறு சிறு கண்களால் ஆயது. ஒவ்வொரு சிறு கண்ணிலும் ஒளியுணரும் அணுக்கள் எட்டு. அவற்றுள் ஏழாவது அணு இல்லாத ஈக்கள் சில, சீமோர் பென்சர் என்பாரின் ஆய்வகத்தில் 1970-களில் அறியப்பட்டன. அக்குறைக்குக் காரணமாகிய மரபணுவிற்குச் 'செவன்லெஸ்', அதாவது 'ஏழிலி' என்று பெயரிட்டனர். அதுவும் ஓர் ஏற்பியே என்பது பின்னர்த் தெரிந்தது. அதன்வழிச் செல்லும் செய்தியை அடுத்து வாங்குவது எது என்று தேடியவர்க்கு வேறொரு மரபணு அகப்பட்டது. அதற்கு 'ஏழிலியின் மகன்' என்று விளையாட்டாகப் பெயரிட்டனர். அம்மகனே மேற்கூறிய சாஸ். மனிதர் உடலிலும் ஏற்பியையும் ராசையும் இணைப்பது அதுவே என்பது 1993-இல் உறுதியாயிற்று. ஈயின் கண்ணை ஆராய்ந்து ஆவதென்ன என்று வினவிய தந்தையார்க்கு இதுவே விடை.

இனி, புற்றுக்கு வருவாம். 1911-இல் பெய்ட்டன் ரௌஸ் என்பார் கோழியின் கட்டி ஒன்றை அரைத்து, அணுக்கள் யாவும் நீங்குமாறு வடிகட்டிய சாற்றை வேறு கோழிகட்குச் செலுத்த, அவற்றிற்கும் கட்டி தோன்றக் கண்டார். அஃது ஒரு வைரசின் செயல். கோழியின் நோய் மனிதர்க்கு என்ன பாடம் கற்பிக்கும் என்று அந்நாளிற் பலரும் அதனைப் பொருட்படுத்திலர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1966-இல், தம் எண்பத்தேழாம் வயதில் அவர் நோபெல் பரிசு பெற்றார். அவ்வைரசிற் கட்டியை உண்டாக்கும் மரபணு, நோயற்ற கோழியின் அணுக்களிலேயே இயல்பாக உள்ள ஒரு மரபணுவின் திரிபு என்பதை 1976-இல் பிஷப், வார்மஸ் என்னும் இருவர் காட்டினர். புற்றின் வித்து வெளியினின்று வந்ததன்று. நம் அணுவிற்குள் நல்ல பணி செய்துகொண்டிருக்கும் ஒன்றே கெட்டவிடத்துப் புற்றாகின்றது என்னும் உண்மை அதனாற் புலனாயிற்று.

1984-இல் இவ்விரு நெறிகளும் ஒன்று கூடின. கோழிகட்குக் குருதிப்புற்று விளைக்கும் வேறொரு வைரசின் மரபணுவை, கோகன் வழியினர் ஆராய்ந்துவந்த ஏற்பியோடு ஒப்புநோக்கியபோது இரண்டும் ஏறத்தாழ ஒன்றேயாக இருந்தன. வேறுபாடு யாதெனின், வைரசிலுள்ளதற்குக் காரணியை வாங்கும் வெளிப்பாதி பெரும்பாலும் இல்லை. ஓலை கொண்டுவருவார் ஒருவரும் இல்லாதபோதும் 'வளர்க, வளர்க' என்று ஓயாது அகத்தே கூவிக்கொண்டிருக்கும் வாயிலோனின் நிலை அது. எலியின் இமையைத் திறந்த பொருளைத் தேடிச் சென்றவரும், கோழியின் கட்டியை ஆராயச் சென்றவரும் எழுபதாண்டுகளின் பின் ஒரே வாயிலில் வந்து நின்றனர்.

இவ்வறிவு கைவந்தபின் மனிதர்தம் புற்றுகள் பலவற்றின் இயல்பு விளங்கலாயிற்று. சிலவற்றில் ஏற்பிகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகியுள்ளன. மார்பகப் புற்றுகளில் ஐந்தில் ஒன்றோ அதனிற் சற்றுக் குறைவோ, இவ்வேற்பியின் உடன்பிறப்பாகிய ஹெர்-2 என்பது மிகுந்தவை. சிலவற்றில் ஏற்பியின் உட்பாதி திரிந்து, ஏவுவார் இன்றியே தொழிற்படுகின்றது. சிலவற்றில் ராஸ் என்னும் விளக்கு அவியாதாகின்றது. அதன் பன்னிரண்டாம் இடத்திலுள்ள ஓர் அமினோ அமிலம் மாறுவதே அதற்குப் போதும் என்பது 1982-இல் அறியப்பட்டது. மனிதர்க்கு வரும் புற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ராஸ் திரிந்துள்ளது. புற்றுநோய் யாவும் இவ்வொரு வழியினாலேயே வருவன என்று கருதற்க. தடுக்கும் மரபணுக்கள் அழிவதும், மரபணுக்களைப் பழுதுபார்க்கும் ஆற்றல் குன்றுவதும், இவை போல்வன பலவும் கூடியே பெரும்பாலும் அந்நோய் விளைகின்றது. புகையிலை முதலியன அத்திரிபுகளை மிகுவிக்கின்றன.

மருந்துகள் இவ்வறிவின் பின்னரே வந்தன. ஹெர்-2 மிகுந்த மார்பகப் புற்று விரைந்து முற்றுவது என்பதை 1987-இல் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் வெளியிட்டனர். அவ்வேற்பியைப் பற்றித் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நுரையீரற் புற்றுக்கு ஏற்பியின் உட்பாதியைத் தடுக்கும் ஜெபிடினிப் என்னும் மாத்திரை 2003-இல் அங்கு வந்தபோது, மேனாட்டு நோயாளருட் பத்தில் ஒருவர் போல்வார்க்கே அது பயன்பட்டது. அவர்க்கோ வியக்கத்தக்கவாறு பயன்பட்டது. காரணம் 2004-இல் தெரிந்தது. அவர்தம் புற்றிலேயே அவ்வேற்பி திரிந்திருந்தது. புகை பிடியாதாரும், பெண்டிரும், ஆசிய நாட்டாரும் அவருள் மிக்கிருந்தனர். அதனால், இன்னார்க்கு இம்மருந்து என்று முன்னரே சோதித்துக் கொடுக்கும் முறை எழுந்தது. சில காலத்திற் புற்று அம்மருந்தையும் வென்று மீண்டும் எழும். அவ்வாறு எழுவதற்கு ஏற்பியில் நேரும் புதிய திரிபையும் கண்டு, அதற்கேற்ற ஒசிமெர்டினிப் என்னும் மருந்து 2015-இல் வந்தது. தடுத்தற்கு இயலாதென்று நாற்பதாண்டு கைவிடப்பட்டிருந்த ராசுக்கும், அதன் திரிபுகளுள் ஒன்றிற்கேனும், 2021-இல் சொடோராசிப் என்னும் மருந்து ஒப்புதல் பெற்றது. இவற்றாற் புற்றுநோய் ஒழிந்ததென்பது பொய்யாகும். பலர்க்கு வாழ்நாள் நீண்டதென்பதும், சிலர் முற்றும் நலமுற்றனர் என்பதும் மெய்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குக. மண்புழு, கோழிமுட்டை, பாம்பின் நஞ்சு, எலிக்குஞ்சின் இமை, கோழியின் கட்டி, ஈயின் கண்: இவற்றுள் எதுவும் தொடக்கத்தில் 'மார்பகப் புற்றுக்கு மருந்து' என்னும் பெயர்ச்சீட்டைத் தாங்கி நின்றதன்று. 1950-ஆம் ஆண்டில் ஓர் அறிஞர் அவையைக் கூட்டி, மார்பகப் புற்றுக்குப் பயன்படும் ஆராய்ச்சிக்கே பொருளுதவி செய்வோம் என்று விதித்திருந்தால், மேற்கூறிய ஒன்றும் அவ்விதிக்குள் அடங்கியிராது. பயனை மட்டும் நாடிய அவ்விதி பயனையே இழப்பித்திருக்கும்.

இதற்கு மாறாக எழும் தடைகள் சிலவுள. அவற்றை ஆராயாது விடுதல் முறையன்று.

ஒன்று: பயனற்றனவாகத் தோன்றும் ஆராய்ச்சி ஒன்று பயன்பட, ஆயிரம் வீணாகின்றனவே, பொதுமக்கள் வரிப்பணத்தை அங்ஙனம் இறைக்கலாமோ என்பது. அமெரிக்க நாட்டு மேலவை உறுப்பினர் வில்லியம் பிராக்ஸ்மையர் 1975 முதல் 1988 வரை, வீண் என்று தமக்குத் தோன்றிய அரசுச் செலவுகளுக்குப் 'பொற்கம்பளிப் பரிசு' என்னும் பெயரால் இகழ்ச்சிப் பரிசு அளித்து வந்தார். ஆராய்ச்சிகள் பலவும் அதற்கு இலக்காயின. பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்பது குற்றமன்று. ஆயின், ஆயிரத்துள் எது பயன்படும் என்பதை முன்கூட்டி அறிவார் எவருமிலர் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். உழவன் விதைத்த வித்தெல்லாம் முளைப்பதில்லை. முளைக்கும் வித்தை மட்டும் தெரிந்து விதைப்பேன் என்பான் ஒன்றும் விதையாதே இருப்பான்.

மற்றொன்று: செல்வ நாட்டார் அங்ஙனம் செய்க, மருத்துவமனையிற் படுக்கை கிடையாது நோயாளர் தரையிற் கிடக்கும் நாட்டினர்க்கு இஃது அடுக்குமோ என்பது. இத்தடை மிக வலிவுடையது, கண்ணீரோடு கூடியது. நோயாளிக்குப் படுக்கை தருவதே முதற்கடன் என்பதில் எமக்கு மாறில்லை. எனினும், ரீட்டா அம்மையார் ஆராய்ச்சிக்குக் கொண்டவை தையலூசியும் முட்டையும்; கோகன் கொண்டவை புல்வெளிப் புழுக்கள். தையற்காரர் மைந்தரை அறிஞராக்கியது கட்டணம் வாங்காத கல்லூரி. பெரும்பொருள் வேண்டுவது மருந்தாக்கும் கடைப்படியில். வினா எழுப்பும் முதற்படியில் வேண்டுவது, வினவுவானை இகழாது விடும் மனமே. அதனையும் ஏழை நாடு தன் மக்களுக்கு மறுக்குமாயின், என்றும் பிறர் ஆக்கிய மருந்தைப் பிறர் சொன்ன விலைக்கு வாங்கும் நிலையே அதற்கு எஞ்சும்.

விலை என்றவிடத்து ஓருண்மையை மறைத்தலாகாது. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட அளவில் ஏழைக்குக் கிட்டிவிடுவதில்லை. டிராஸ்டுசுமாப் 1998-இல் வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது 2015-இல். இடைப்பட்ட பதினேழாண்டுகளில் அதன் விலையைக் கொடுக்க இயலாது மாண்டவர் எந்நாட்டிலும் உளர். அறிவு தேடுவார்க்குப் பயன் கேளாமை தகும். அறிவு கிடைத்தபின் அதன் பயனை எல்லார்க்கும் பகிராமை தகாது. அப்பகிர்வு ஆய்வகத்தின் வேலையன்று. அரசினரும் வணிகரும் பொதுமக்களும் செய்யவேண்டுவது.

இப்பகிர்வில் எம் துறையினர்க்கும் ஒரு பங்கு உண்டு. புற்றுநோய் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, அதனை முன்வினையென்றும் சாபமென்றும் தொற்றென்றும் கருதி, நோயாளியை அறையில் மறைத்துவைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் நீங்கிற்றில்லை. மறைத்ததனாற் காலம் கடந்து, மருந்து இருந்தும் பயனின்றிப் போவதுண்டு. நோயாளியின் குற்றத்திற்கு விதித்த தண்டனையன்று அது. உடலை வளர்க்கும் நல்ல கட்டளை ஒன்று ஓயாது நின்றமையே என்பதை, கேட்பவர் உணருமாறு தெளிந்த தமிழிற் சொல்லவல்லார் வேண்டும். உயிரணு, ஏற்பி, காரணி என்னும் சொற்கள் இன்று கிடைப்பது, சொல்லின் வேரையும் ஆக்கத்தையும் பயன் கேளாது பயின்றோர் இருந்தமையால் அன்றோ?

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பயன் கருதாமை வேறு, பொறுப்பின்மை வேறு. 'எம் கல்விக்குப் பயன் கேளற்க' என்று கூறிக்கொண்டு, பாடத்தை மேலோடே படித்துத் தேர்வுக்கு முன்னிரவில் மட்டும் விழித்திருக்கும் மாணாக்கர்க்கு இவ்வரலாறு துணைநில்லாது. குஞ்சுகள் ஏழாம் நாளிற் கண் திறந்தன என்பதைக் கோகன் கண்டது, அவை எந்நாளிற் கண் திறக்கவேண்டும் என்பதை அறிந்திருந்ததாலும், நாடோறும் சென்று நோக்கியதாலுமேயாம். ஹண்டரின் பழங்கரைசல் ஒரு வாய்ப்பு. அவ்வாய்ப்பில் தோன்றிய புள்ளி புதியதென்று கண்டது கல்வி. பயனைக் கேளாத கல்வி, உண்மையை மிகக் கடுமையாகக் கேட்டே தீரவேண்டும்.

கோகனும் ரீட்டா அம்மையாரும் 1986-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். அம்மையார் 2012-இல் தம் 103-ஆம் வயதிலும், கோகன் 2020-இலும் இவ்வுலக வாழ்வை நீத்தனர். அவர்தம் பெயரை அறியாத எத்தனையோ தாய்மார் இன்று தம் மக்களோடு வாழ்கின்றனர்.

ஆதலின், பெற்றோரே, ஆசிரியரே, நும் மக்கள் ஈயின் கண்ணையோ, பழஞ்சுவடியின் பாடவேறுபாட்டையோ, எண்ணின் இயல்பையோ கற்கப் புகுங்கால், 'இதனால் யாது பயன்?' என்னும் வினாவைச் சிறிது காலம் நிறுத்திவைப்பீராக. அதற்கு ஈடாக, 'நீ கற்பது மெய்யோ? அதனைச் செவ்வனே கற்கின்றாயோ?' என்று நாடோறும் வினவுவீராக. அவ்வினாவிற்கு விடைகூறும் கடப்பாடு தமிழ் மாணாக்கராகிய எமக்கும் உண்டு. அதனினின்று தப்ப யாம் விரும்பவில்லை.